டெபாசிட் பிடிக்க அட்டை எண் எதற்கு?

கடைக்காரர்கள் அட்டை எண்களைச் சேமித்துவைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு, பலமுறை தள்ளிப்போன பிறகு, 2022 அக்டோபர் 1 அன்று ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது. அட்டை எண்ணுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் டோக்கன் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் வேறு: எண்ணை வைத்துக்கொள்ளாமல் ஹோட்டல்காரர் எப்படி டெபாசிட் பிடிப்பார், இனி ரொக்கம்தான் கட்ட வேண்டுமா? வேண்டாம். டெபாசிட்டுக்காக உங்கள் எண்ணை எழுதிவைக்க வேண்டிய அவசியம் ஹோட்டலுக்கு இல்லை.

செக்-இன் நேரத்தில் ‘பிளாக் பண்றோம் சார்’ என்று அட்டையைச் செருகி, பின் நம்பர் போடச் சொல்கிறார்களே, அதுதான் ப்ரீ-ஆத். பணம் நகர்வதில்லை. உதாரணமாக, 5,000 ரூபாயை வேறு எதற்கும் விடாமல் ஒதுக்கிவைக்கும்படி உங்கள் வங்கிக்குக் கோரிக்கை போகிறது. வங்கி ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் ஒப்புதல் எண்ணை அனுப்புகிறது. இயந்திரம் துப்பும் சீட்டைப் பாருங்கள்: அட்டையின் கடைசி நான்கு இலக்கம், தொகை, அந்த ஒப்புதல் எண். கிளம்பும்போது பாக்கி 3,200 என்றால் அதே ஒப்புதலின் பேரில் 3,200 மட்டும் எடுக்கலாம். பாக்கியே இல்லையென்றால் ரத்து செய்யலாம். உங்கள் அட்டை எண் தெரியாமலேயே வங்கியின் உத்தரவாதம் ஹோட்டல் கைக்கு வந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். கோளாறு கடைசிப் படியில் இருக்கிறது. ரத்து செய்ய வேண்டியவர் ஹோட்டல் ஊழியர். செய்யாமல் விட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒதுக்கீடு தானாகக் காலாவதியாக ஒரு மாதம்கூட ஆகலாம். கிரெடிட் கார்டில் லிமிட் குறையும், அவ்வளவே. டெபிட் கார்டில் முடங்குவது கணக்கில் கிடக்கும் சம்பளப் பணம். தோல்வியடைந்த பரிவர்த்தனையில் பணம் திரும்பத் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் அறிவித்தது. ப்ரீ-ஆத் தோல்வியடையவில்லையே! அந்த வரையறைக்குள் அது வராது.

அப்படியானால் சில ஹோட்டல்கள் அட்டையின் இரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுப்பது எதற்கு? மினிபார் கணக்கு, உடைந்த பொருள் என்று காரணம் சொல்வார்கள். கணக்கை முடிக்கவோ ரத்து செய்யவோ இல்லையென்றால், அறையைக் காலி செய்த பிறகும் ப்ரீ-ஆத் உயிரோடுதான் இருக்கிறது, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பழைய இயந்திரங்கள் கணக்கு முடிக்க அட்டையை மறுபடி கேட்கும் என்பதும் உண்மை. அப்போது விருந்தினர் எதிரில்தானே நிற்கிறார்? இந்திய அட்டையின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஹோட்டலால் இங்கே ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது, ஓடிபி வேண்டும். அதே ஜெராக்ஸ் திருடன் கையில் சிக்கினால், ஓடிபி கேட்காத வெளிநாட்டு இணையதளங்களில் செல்லுபடியாகும். ஆக, அந்த நகலால் ஆதாயம் திருடனுக்கு மட்டுமே. பெரிய ஹோட்டல் பத்திரமாக வைத்திருக்கும் என்பவர்களுக்கு மேரியட் ஓர் உதாரணம்: அதன் ஸ்டார்வுட் முன்பதிவுத் தரவுத்தளத்தில் 2014 முதலே யாரோ புகுந்திருந்தது 2018-இல்தான் வெளியே தெரிந்தது, குறியாக்கம் செய்யப்படாத 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் அதில் சிக்கின. சேமித்த எண்களை அழித்துவிட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கணினியில் இருப்பது சரி, ரிசப்ஷன் மேசை டிராயரில் கிடக்கும் ஜெராக்ஸை எந்த ஆடிட்டர் வந்து கிழிக்கப்போகிறார்?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்? நடு எட்டு இலக்கத்தையும் சிவிவியையும் மறைத்துக் கொடுங்கள்; வங்கியின் ஒப்புதல் கிடைத்தபின் சிவிவியை வைத்திருக்க அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதியே அனுமதிப்பதில்லை. ஆதார் நகல்? ஹோட்டல்கள் வாங்கக் கூடாது என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவிக்க, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். பிளாக்கா, வசூலா? எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், சீட்டில் ‘சேல்’ என்றிருந்தால் பணம் போய்விட்டது. எந்த அட்டை? கிரெடிட். வெளிநாட்டுப் பயன்பாடு? வங்கி ஆப்பில் அணைத்துவையுங்கள். பிளாக் விடுபடவில்லையா? ரத்துச் சீட்டை ஹோட்டலில் கேட்டு வாங்கி, ஒப்புதல் எண்ணோடு வங்கிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.