சிறுத்தைக்குக் கண்ணீர்க் கோடு கிடையாது

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறுவர் கடைகள் பக்கம் போனால் கால் வைக்க இடமிருக்காது. தரையிலேயே உட்கார்ந்து புரட்டும் பிள்ளைகள். கையில் பெரும்பாலும் விலங்குப் புத்தகம்தான்: வழுவழுத் தாள், பக்கம் நிறையப் படம், அடியில் இரண்டு வரித் தகவல். அப்படி ஒன்றை அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவே ஓடி வந்தாள்.

"மாமா, சிறுத்தை மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடுமாம்!"

படத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல் கறுப்புக் கோடு. உடம்பெல்லாம் மை தொட்டு வைத்த மாதிரி புள்ளி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து குனோ காட்டுக்கு எட்டு வந்தனவே, அந்தச் சிவிங்கிப்புலி! நம் சிறுத்தைக்கு ஏது அந்தக் கோடு? அதன் புள்ளிகளோ உடைந்த வளையல் துண்டுகளை வட்டமாக அடுக்கியதுபோல் இருக்கும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் திரிவது அதுதான். அந்த ஊர்ப் பிள்ளை இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு எதை அடையாளம் காணும்?

1952-ல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட விலங்கு சிவிங்கிப்புலி. கூடவே சிவிங்கி என்ற பழைய சொல்லும் அகராதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காலியான இடத்தில் சிறுத்தையைத் தூக்கி உட்கார வைத்துவிட்டோம்.

இன்னொரு பக்கத்தில் பனிப்பாறைமேல் படுத்திருக்கும் சீல், அடியில் 'நீர்நாய்'. காவிரியில் கூட்டமாக நீந்தி, வலையைக் கிழித்து மீனவரிடம் திட்டு வாங்கும் நீர்நாய் என்ன பாவம் செய்தது? மொழிபெயர்த்தவர் கண்ணில் படத்தையே காட்டவில்லை போலும். பெரியவர்கள் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொடைக்கானல் சாலையில் நிற்கும் காட்டுமாட்டைக் காட்டெருமை என்றுதானே கூப்பிடுகிறோம்!

கடவூர்க் காட்டில் 2022-ல் தேவாங்குக்கென்றே சரணாலயம் அமைந்தது. புத்தகத்தில் தேவாங்கைத் தேடினேன்; மடகாஸ்கர் லெமூர் முழித்தது. வரையாடும் இல்லை. 1658-ல் நியூரம்பெர்க்கில் அச்சான 'ஆர்பிஸ் பிக்டஸ்', பிள்ளைகளுக்கான ஆதிப் படப் புத்தகங்களில் ஒன்று. அது எழுத்துப் பாடத்தைக் காக்கை கரைவதிலிருந்து தொடங்கியது. பிள்ளை வாசலில் கண்ட காக்கை. நமக்கு முதல் பக்கமே பெங்குவின்.

"போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடுவதே பெரிசு, இதில் பெயர் ஆராய்ச்சி வேறா சார்?" என்றார் ஒரு கடைக்காரர். அதுவும் நியாயம்தான்.

அக்கா மகள் பென்சிலால் 'சிறுத்தை'யை அடித்துவிட்டு மேலே 'சிவிங்கிப்புலி' என்று எழுதினாள்.

"அப்ப நிஜச் சிறுத்தை எந்தப் பக்கம் மாமா?"

இருவருமாகக் கடைசிப் பக்கம்வரை புரட்டினோம். இல்லை.