ஏமாற்றினார் என்றால் ஆதாரம் எங்கே?

"பத்துப் பவுன் அடகு வைத்தேன்" என்கிறார் கடன் வாங்கியவர். "எட்டுதான்" என்கிறார் கொடுத்தவர். யாரை நம்புவது?

குற்றம் சாட்டுபவர் ஆதாரம் தரவேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்யவேண்டும். இதுவே நபி (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. சந்தேகமும் கண்ணீரும் ஆதாரமாகாது.

இதனால்தான் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282), கடனைத் தவணையுடன் எழுதவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடுகிறது. வாசகத்தைச் சொல்லவேண்டியவர் கடன் வாங்குபவரே. அடுத்த வசனம் அடைமானத்தைக் கூறி, சாட்சியத்தை மறைப்பதைத் தடுக்கிறது. எனவே சொந்தக்காரரே ஆனாலும் எடை, தொகை, தேதியை எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

ஆதாரமின்றித் தோற்றவர் கலங்கவேண்டாம். வாதத்திறமையால் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றவர், நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்பது நபிகளாரின் எச்சரிக்கை (புகாரி). தீர்ப்பு ஹராமை ஹலாலாக்காது.