பாட்டை நிறுத்து, தங்கச்சி!

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா மகன் வாரத்தில் ஒரு நாள்தான் கணினி விளையாட்டுக்கு உட்காருவார். சனிக்கிழமை இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, இரண்டு மணி நேரம். ஒரு வாரம் அந்த இரண்டு மணி நேரத்தையும் நான் பாடியே பாழாக்கினேன்.

விளையாட்டின் பெயர் எவர்குவெஸ்ட். 1999 மார்ச்சில் வெளிவந்தது. அப்போது நான் பிறக்கவே இல்லை. அண்ணன் நான்காம் படிவத்தில் படித்தபோது சைபர் கஃபேயில் ஆடிய விளையாட்டு அது. அந்தப் பழைய வடிவத்தை ரசிகர்கள் சிலர் 2009இல் 'புராஜெக்ட் 1999' என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். அங்கே அவர் எதிரிகளை உறங்க வைக்கும் மந்திரவாதி. நான் பாணர்.

மற்ற மந்திரவாதிகள் நின்ற இடத்தில் நின்றுதான் மந்திரம் சொல்ல வேண்டும். பாணர் ஓடிக்கொண்டே பாடலாம். பாட்டை முடிக்கச் சுமார் 3 விநாடி. விளைவு அதற்குப் பிறகும் சிறிது நேரம் நீடிக்கும். அதனால் கைவேகம் உள்ளவர்கள் மூன்று, நான்கு பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், நன்மை செய்யும் பாட்டு நம் குழுவுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். காயப்படுத்தும் பாட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. 2ஆம் நிலையில் கிடைக்கும் 'கார்ட்ஸ் ஆஃப் டிசொனன்ஸ்' நம்மைச் சுற்றி நிற்கும், கணினி இயக்கும் எல்லாரையும் தாக்கும். பகைவனா, சும்மா நிற்பவனா என்று பார்க்காது. முதல் வாரம் கெலெத்தின் நகரில் அதை ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் நின்ற காவலர் திரும்பி என்னை வெட்டிப் போட்டார். (கெலெத்தின் மரங்களின் மேல் கட்டிய ஊர். வேகமாக ஓட வைக்கும் பாட்டைப் பாடிக்கொண்டு அங்கே விளிம்பிலிருந்து விழுந்த கதை வேறு.)

அந்தச் சனிக்கிழமை நாங்கள் நால்வர் கிரஷ்போன் கோட்டைக்குள் ஓர்க்குகளோடு சண்டையிட்டோம். மூன்று ஓர்க்குகள் ஒன்றாக வந்தன. அண்ணன் இரண்டை உறங்க வைத்தார். மூன்றாவதை அடிக்கும்போது நான் உதவுகிறேன் என்று அந்தப் பாட்டைத் தொடங்கினேன். சிறு அடி பட்டாலே உறக்கம் கலைந்துவிடும். எழுந்த ஓர்க்கு அடித்தவரை அல்ல, உறங்க வைத்தவரைத்தான் தேடிப் போகும். அவர் மேல்தான் அதற்குக் கோபம் அதிகம்.

"பாட்டை நிறுத்து, தங்கச்சி!" என்று தொலைபேசியில் கத்தினார். எந்தப் பொத்தான் என்று தேடுவதற்குள் அடுத்த சுற்றும் போய்விட்டது. துணி அங்கி போட்ட மந்திரவாதி எத்தனை அடி தாங்குவார்? அவருக்குப் பிறகு நான். நான்காமவர் வாசலுக்கு ஓடித் தப்பினார். துரத்தி வந்த ஓர்க்குகள் திரும்பும் வழியில், வாசலில் உட்கார்ந்து இளைப்பாறிய முன்பின் தெரியாத இருவரையும் கொன்றன. அவர்கள் என் பாட்டைக் கேட்கவே இல்லை.

எவர்குவெஸ்டில் இறந்தால் அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமைகள் உடலோடு விழுந்த இடத்திலேயே கிடக்கும். அண்ணன் ஃபெல்வித்தே நகரில் வெறுங்கையோடு எழுந்தார். மீதி நேரம் முழுவதும் அந்த உடலைத் தேடி எடுப்பதிலேயே போனது. அவர் திட்டவில்லை. "நாளைக்கு வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதே பாட்டுகளைத் தேர்ந்த பாணர்கள் வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தனியாகப் போய், பெரிய அரக்கர் கூட்டத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வட்டமாக ஓடியபடியே பாடி மொத்தமாக வீழ்த்துவார்கள். எல்லாரையும் தாக்கும் என்பதுதான் அங்கே பலம். ஆனால் அங்கே உறக்கம் கலையக் கூடாதவர் யாரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனே அழைத்தார். இப்போது ஓர்க்கை உறங்க வைத்ததும் 'தூங்குது' என்று தட்டச்சு செய்கிறார். நான் வீணையைக் கீழே வைத்துவிட்டு வாளை எடுக்கிறேன்.