காறை எலும்பு முறிந்தால் கத்தி வைக்கத்தான் வேண்டுமா?

அந்தி மழை விட்ட நேரம். புக்கிட் ரோத்தானிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. உங்கள் மகன் தோள் தரையில் மோத விழுகிறான். தலைக்கு ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிட்டான். ஆனால் வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்தபடியே வீட்டுக்குள் நுழைகிறான். கழுத்துக்குக் கீழே ஏதோ புடைத்து நிற்கிறது. உடனே வீட்டில் இரண்டு கட்சி! "சின்சேயிடம் கூட்டிப் போங்கள், உருவிக் கட்டிவிடுவார்" என்கிறார் பாட்டி. "பெரிய ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்தால்தான் சீக்கிரம் ஆறும்" என்கிறார் மாமா.

யார் சொல்வது சரி? பாட்டி சொல்வதை விட்டுவிடுங்கள். மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

முறிந்தது காறை எலும்பு. கழுத்தில் அணியும் காறையைப் போல், நெஞ்செலும்புக்கும் தோளுக்கும் இடையே குறுக்கே கிடப்பதால் அந்தப் பெயர். அதற்கு அடியிலேதான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. முறிந்த முனையை அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மார் மெச்சிய புத்தூர்க் கட்டில்கூட, மூங்கில் சிம்பு கைகால் எலும்புக்குப் பிடிக்கும். இந்த எலும்புக்குச் சிம்பை எங்கே வைப்பது?

பழைய நாளில் தோட்டத்து டிரெசர்கள் இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்து எட்டுப் போட்டதுபோல் துணி சுற்றுவார்கள். அக்குளில் உராய்ந்து நோயாளி படும் பாடு கொஞ்சமல்ல! 1987-இல் டென்மார்க் மருத்துவர்கள் இந்த எட்டுக் கட்டையும் சாதாரணத் தூளிக் கட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்பு ஒட்டியதில் வித்தியாசமில்லை. தூளியில் இருந்தவர்களுக்குத் தொல்லை குறைவு. முக்கோணத் துணியைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தொங்கவிடும் அந்தத் தூளியே போதும்.

பெரும்பாலான முறிவுகள் அதிலேயே ஆறிவிடும். சிறு பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரம். பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். 1960-இல் அமெரிக்க மருத்துவர் நீர், 2,235 பேரைக் கத்தியின்றிக் கவனித்ததில் எலும்பு ஒட்டாதவர்கள் மூன்றே பேர் என்று எழுதினார். அதன்பின் நீண்ட காலம் எவரும் கத்தியை நினைக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் குழந்தைகளும் இருந்தார்கள். எலும்பு விலகாதவர்களும் இருந்தார்கள். முனைகள் முற்றிலும் விலகிய பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. 2007-இல் கனடாவில் அப்படிப்பட்ட 132 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். கடைசிவரை கண்காணிக்கப்பட்டவர்களில், தகடு வைத்த 62 பேரில் இருவருக்கும், தூளியில் இருந்த 49 பேரில் ஏழு பேருக்கும் எலும்பு ஒட்டவில்லை. ஒட்டும் காலமும் தகடு வைத்தவர்களுக்குச் சராசரி 16 வாரம், மற்றவர்களுக்கு 28 வாரம்.

அப்படியானால் எல்லாருக்கும் தகடு வைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2019-இல் 14 ஆய்வுகளில் இருந்த 1,469 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஓராண்டு கழித்துக் கையின் பயனிலும் வலியிலும் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தகடு வைத்தால் சிலருக்குப் புண் சீழ் பிடிக்கும். தழும்புக்குக் கீழே மரத்துப் போகும். தோலுக்கு அடியிலேயே இருப்பதால் தகடு உறுத்தி, அதை எடுக்க இன்னொரு முறை கத்தி வைக்க நேரும். தூளியில் ஒட்டாமல் போனால் பிறகும் அறுவை செய்துகொள்ளலாம். அந்தக் கதவு மூடிவிடுவதில்லை.

இங்கேதான் உங்கள் வேலையைப் பற்றிய பேச்சு வருகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது நம் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்தான் (ஊரின் பெயர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா). அன்று முதல் இந்த வட்டாரத்தில் அண்ணாந்து கம்பு தூக்கிக் குலை அறுத்த தோள்கள் எத்தனை! நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி நாள் முழுதும் உயர்த்துகிறவருக்கும் மேசையில் எழுதுகிறவருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுகியிருந்தால் தோள் சீக்கிரம் களைக்கக்கூடும். ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, நான் குலை வெட்டுகிறவன்." எக்ஸ்ரேயில் முனைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன, தகட்டுக்குத் தனியே எத்தனை வெள்ளி கட்டவேண்டும் என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?

சில வேளைகளில் யோசிக்க நேரமில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, தோல் வெளுத்துக் கூடாரம்போல் விறைத்து நின்றாலோ, கை சில்லிட்டு மரத்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே தஞ்சோங் காராங் அல்லது சபாக் பெர்ணம் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தூளி போட்டபின் விரலையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டும். தோளை எப்போது உயர்த்தலாம் என்பதை டாக்டரே சொல்லட்டும். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும். சிகரெட்டை மூட்டை கட்டிவையுங்கள். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸே இந்த முறிவைப் பற்றி ஒரு குறை எழுதியிருக்கிறார்: ஆரம்பத்தில் பயந்துபோகும் நோயாளி, வலி குறைந்ததும் சிகிச்சையை அலட்சியம் செய்துவிடுகிறாராம்! மூன்றாம் வாரம் வலி போய்விட்டதென்று கம்பைத் தூக்கும் ஆட்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

சம்பளம் என்னாவது என்ற கவலை நியாயமானது. 1971 முதல் நடக்கும் சொக்சோவை மறந்துவிடாதீர்கள். சந்தா கட்டுகிறவருக்கு வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்பு இருந்தால் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் கிடைக்காது. விடுப்புச் சீட்டு, எக்ஸ்ரே அறிக்கை, சாலை விபத்தானால் போலீஸ் புகார் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போய், விபத்தைப் பற்றி உடனே தெரிவியுங்கள்.