மூன்று விநாடிக் கணக்கு

வண்டி 20 நிமிடம் தாமதமாக வந்தது என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் ரயில்வேயில் எவருக்கும் பயனில்லை. எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றது, எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே காலம் கரைந்தது என்று பிரித்து எழுதினால்தான் குறை இருக்குமிடம் புலப்படும். நாள்தோறும் இந்தக் கணக்கைப் பார்க்கும் குமாஸ்தாவாகிய நான், என் வீட்டுக் காரியம் ஒன்றில் அதை மறந்துபோனேன். அதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

என் தமக்கையின் மகள் எங்களோடு டில்லியில் தங்கிப் படிக்கிறாள், வயது 18. துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்தில் பிஸ்டல் பயில்கிறாள். "பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்ட உறவினர் பலர். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் ஏர் ரைபிள் ஏந்தி இந்தியாவுக்காக நின்றதைச் சொல்லி அவர்களுக்கு விடையளித்தோம்.

இவள் பயில்வது 25 மீட்டர் பிஸ்டல் போட்டி. 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்றது இப்போட்டியில்தான். முதற்பகுதியில் 30 குண்டுகள். ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம். நிதானமாகச் சுடலாம். இரண்டாம் பகுதியிலும் 30 குண்டுகளே. ஆனால் கையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு 7 விநாடி எரியும். பிறகு பச்சை விளக்கு 3 விநாடி. அந்த 3 விநாடிக்குள் கையை உயர்த்தி, குறிபார்த்து, ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுக் கையை மறுபடியும் தாழ்த்த வேண்டும். இவ்வாறு ஐந்து முறை சுட்டால் ஒரு சுற்று.

முதற்பகுதியில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 5 சென்டிமீட்டர். இரண்டாம் பகுதியில் 10 சென்டிமீட்டர். அப்படியிருந்தும், முதற்பகுதியில் நன்றாகச் சுடுபவள் இரண்டாம் பகுதியில் ஏழும் எட்டுமாகச் சிதறடித்தாள். "அவசரக்குடுக்கை! நிதானமாகச் சுடு" என்று நான் கடிந்துகொண்டேன். அவள் நிதானித்தாள், புள்ளிகள் இன்னும் குறைந்தன. ஒருநாள் இரவு தட்டில் கைவைக்காமல், "மாமா, அம்மா அனுப்புகிற பணமெல்லாம் குண்டுக்கே போகிறது. நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்றாள்.

என் மனைவிதான் வழி சொன்னாள்: "வண்டிக்கெல்லாம் கணக்கு எழுதுகிறீர்களே, இவளுக்கும் ஒருநாள் எழுதிப் பாருங்களேன்!"

சுடுதளத்தில் அனுமதி பெற்று, அவளுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், விளக்கும் அவள் கையும் ஒருங்கே தெரியுமாறு கைபேசியைத் தாங்கியில் நிறுத்திப் படம் பிடித்தோம். அதில் விநாடிக்கு 30 படங்கள் பதியும். 3 விநாடிக்கு 90. பச்சை எரிந்த படம், கை அசையத் தொடங்கிய படம், கை இலக்கில் நிலைத்த படம் என்று எண்ணிக் குறித்தோம். வெடித்த கணத்தை ஒலியிலிருந்து எடுத்தோம். ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் செயலியில் ஒவ்வொரு வேட்டும் ஈட்டிபோல் எழுந்து நிற்கும். ஒலி விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்படுவதால், படத்தைவிட அதில் கணக்கு நுட்பமாகக் கிடைக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். கைபேசியை 25 மீட்டருக்கு அப்பால் இலக்கின் அருகே வைத்தால், வேட்டு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு பிந்திக் கேட்கும். அது இரண்டு படங்களின் நேரம். பக்கத்தில் சுடுவோரின் வேட்டும் கலந்து பதியும் ஆதலால், துப்பாக்கி துள்ளும் படத்தோடு ஒப்பிட்டுக் கொள்ள வேண்டும். வேட்டைக் கேட்டு நேரத்தைக் காட்டும் ஷாட் டைமர் என்னும் கருவி வேறு வகைப் போட்டிகளில் வழங்குகிறது. ஆனால் அது கையின் அசைவைக் காணாது. எங்களுக்கு ஒளி, ஒலி இரண்டும் வேண்டியிருந்தன.

முப்பது குண்டுகளின் சராசரியைக் கூட்டிப் பார்த்தபோது நான் வெட்கினேன். பச்சை எரிந்து அரை விநாடி கழித்தே கை அசைந்தது, 2.1 விநாடியில்தான் நிலைத்தது, 2.6-இல் வேட்டு. குறிபார்த்து விசையை அழுத்த எஞ்சியது அரை விநாடி! அவசரம் விரலில் இருந்தது மெய்; ஆனால் அந்த அவசரத்தை உண்டாக்கியது முன்னே நேர்ந்த தாமதம். நான் சொன்ன நிதானம் தவறான ஸ்டேஷனில் நின்றுவிட்டது. "கையைச் சீக்கிரம் தூக்கு" என்று பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தாராம். வீட்டில் என் குரல் அதைவிட ஓங்கி ஒலித்துவிட்டது.

பிறகு, 7 விநாடி மௌனம், ஒரு மணியோசை, 3 விநாடி கழித்து இன்னொரு மணியோசை என ஐந்து முறை பதிவு செய்தோம். இரவுதோறும் பத்து நிமிடம், ஏர் பிஸ்டலில் குண்டில்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, வெறுஞ்சுவரை நோக்கிப் பயின்றாள். விசையின் சிறு 'டிக்' ஒலியையும் கைபேசி பிடித்துக்கொண்டது. வாரம் ஒருமுறைதான் கணக்குப் பார்த்தோம். சுடும்போது எண்கள் மனத்தில் ஓடினால் குறி கெடும்.

இரண்டு மாதம் கழித்துச் சுடுதளத்தில் எடுத்த கணக்கில் கை 1.4 விநாடியில் நிலைத்தது, வேட்டு 2.5-இல். மொத்த நேரம் ஏறக்குறைய அதுவேதான், பங்கீடுதான் மாறியது. விரலுக்கு ஒரு விநாடிக்குமேல் கிடைத்தது. ஏழுகள் மறைந்தன, எட்டுகள் அருகின. பதக்கம் ஒன்றும் இன்னும் வரவில்லை. ஆயினும் ஊருக்குப் போகும் பேச்சை அவள் எடுப்பதில்லை.

"மாமாவை மன்னித்துவிடு அம்மா" என்றேன். "நீங்கள்தானே மாமா எண்ணிக் கண்டுபிடித்தீர்கள்!" என்று சிரித்தாள்.

பிள்ளைகளை 'அவசரம்' என்றோ 'சோம்பல்' என்றோ கடிந்துகொள்ளுமுன், காலம் எங்கே போயிற்று என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நம்மைப் போன்ற பெற்றோருக்கும் மாமன்மார்க்கும் கடமையாகும்.