கத்தரிக்குத் தப்பிய பாட்டு

கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு பண்ணை வீடு. குஞ்சு பொரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டதால் எம் அத்தையும் ஹென்றி மாமாவும் கோழிக் குஞ்சுகளை எடுத்து அவசர அவசரமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சிறுமி டோரதி மூச்சிரைக்க ஓடி வருகிறாள். அவளுடைய நாய்க்குட்டி டோடோவை ஊரிலுள்ள பணக்காரச் சீமாட்டி அடித்துவிட்டாளாம். அத்தைக்குக் காது கொடுத்துக் கேட்க ஏது நேரம்? எண்ணிக்கை தப்பிவிடுமே! வம்பு தும்பு இல்லாத இடமாகப் பார்த்துப் போய் உட்காரும்படி குழந்தையை விரட்டிவிடுகிறாள்.

அப்படி ஓர் இடம் எங்கேயாவது இருக்கிறதா? டோரதி நாயிடம்தான் அதைக் கேட்கிறாள். பிறகு பாட ஆரம்பிக்கிறாள். 1939-ல் எம்.ஜி.எம். கம்பெனி வெளியிட்ட 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் வரும் 'ஓவர் தி ரெயின்போ' என்ற பாட்டு அது. பாடிய ஜூடி கார்லண்டுக்குப் படப்பிடிப்பின்போது வயது 16.

பாட்டின் மெட்டு ஹெரால்ட் ஆர்லன் போட்டது. மனைவி கார் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது மனத்தில் உதித்ததாம். உடனே காரை நிறுத்தச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பாட்டு எழுத வேண்டிய ஹார்பர்க்குக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை. 'இவ்வளவு கம்பீரமான மெட்டைச் சின்னப் பெண் பாடுவதாவது!' என்பது அவர் ஆட்சேபம். ஐரா கெர்ஷ்வின் என்ற நண்பரிடம் பஞ்சாயத்து போயிற்று. கொஞ்சம் வேகமாக, ஆடம்பரமில்லாமல் வாசிக்கச் சொன்னார் அவர். வாசித்ததும் வழக்குத் தீர்ந்தது.

சங்கீதம் பழகிய பெண்கள் இந்தப் பாட்டை ஒரு தடவை கவனித்துக் கேட்க வேண்டும். முதல் வார்த்தையிலேயே கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஒரே தாவல். எட்டாத உயரத்திலுள்ள பழத்துக்குக் குழந்தை எம்பிக் குதிக்கிற மாதிரி! நடுப்பகுதியிலோ இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி வருகின்றன. வாத்தியம் பழகும் குழந்தையின் பாடம் போல. கம்பீரமும் மழலையும் ஒரே பாட்டில். வானவில் என்ற யோசனை ஹார்பர்க்குடையது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதத் தம்பதிகளுக்குப் பிறந்தவர் அவர். வறண்ட பண்ணையில் வளரும் பெண் வண்ணத்துக்கு வானத்தைத்தானே பார்க்க வேண்டும்?

இந்தப் பாட்டைத்தான் வெட்டி எறியப் பார்த்தார்கள்! வெள்ளோட்டமாகப் படத்தைப் போட்டுக் காட்டிய பிறகு, கதை வேகம் குறைகிறது என்று ஸ்டூடியோவின் பெரியவர்கள் கத்தரியை எடுத்தார்கள். உதவித் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் விடாப்பிடியாகப் போராடித் திரும்பச் சேர்க்கவைத்தார். சூனியக்காரியின் கோட்டையில் அடைபட்ட டோரதி அழுதுகொண்டே இதே பாட்டை மறுபடி பாடும் காட்சி மட்டும் தப்பவில்லை. அதன் ஒலிப்பதிவுதான் மிஞ்சியிருக்கிறது. வெட்டப் பார்த்த பாட்டுக்கு 1940-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

ஜூடியின் கதை அவ்வளவு சுகமானதல்ல. பருத்துவிடக் கூடாதென்று அந்தப் பெண்ணின் சாப்பாட்டை அளந்தார்கள், மாத்திரைகளும் கொடுத்தார்கள். மாத்திரைப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. 1969-ல், 47-வது வயதில் லண்டனில் காலமானார். மேடைக்கு மேடை ஜனங்கள் அவரிடம் கேட்டதும் இந்தப் பாட்டைத்தான்.

கதையின் மற்றப் பாத்திரங்கள் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவர்கள். மூளை வேண்டுமென்று புறப்படும் சோளக்கொல்லைப் பொம்மைதான் வழியெல்லாம் யோசனை சொல்கிறது. இதயம் இல்லை என்று ஏங்கும் தகர மனிதன், புத்தகத்தில், தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழுகிறான். கண்ணீர் பட்டுத் தாடை துருப்பிடித்துப் போகிறது! சினிமாவில் மந்திரவாதி சோளக்கொல்லைப் பொம்மைக்கு மூளைக்குப் பதில் ஒரு டிப்ளோமாவை நீட்டுகிறார். பையன்களைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளில் இதற்கு நிச்சயம் சிரிப்பு வரும். சூனியக்காரியாக வந்து குழந்தைகளை நடுங்கவைத்த மார்கரெட் ஹாமில்டன் நிஜத்தில் கிண்டர்கார்ட்டன் ஆசிரியையாக இருந்தவர்.

மூலக் கதையை ஃப்ராங்க் பாம் 1900-ல் எழுதினார். வெள்ளிப் பாதரட்சையைக் கலர்ப் படத்துக்காகச் சிவப்புக் கல் பதித்ததாக மாற்றினார்கள். போகட்டும், அழகாகவே இருக்கிறது. ஆனால் ஓஸ் நாடு முழுவதையும் அடிபட்ட பெண்ணின் கனவாக்கியதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படம் முடியும்போது டோரதி வீடே சொர்க்கம் என்று கட்டிலில் கிடக்கிறாள். அத்தை அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள். ஆரம்பத்தில் கேட்க நேரமில்லாதவள், இப்போது கேட்டும் நம்பவில்லை.

பாம் அப்படி விடவில்லை. புத்தகத்தில் ஓஸ் நிஜமான நாடு. எம் அத்தையையும் அவர் வெறும் சிடுமூஞ்சியாக வரையவில்லை. அழகான இளம் மனைவியாகப் பண்ணைக்கு வந்தவள். வெயிலும் காற்றும் அவள் கன்னத்துச் சிவப்பையும் கண்ணின் ஒளியையும் உறிஞ்சிவிட்டன. அநாதைக் குழந்தை டோரதி வந்த புதிதில் வாய்விட்டுச் சிரித்தால், அத்தை திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொள்வாளாம். இந்த வீட்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்ற ஆச்சரியம்!

1910-ல் வந்த 'தி எமரால்ட் சிட்டி ஆஃப் ஓஸ்' என்ற புத்தகத்தில் கடனை அடைக்க முடியாமல் பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. டோரதி ஓஸ் நாட்டு ராணியிடம் சொல்லி அத்தையையும் மாமாவையும் அங்கேயே குடியிருக்க அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். பச்சை மாளிகை, பட்டு உடைகள், கூப்பிட்டால் வேலைக்காரர்கள்! பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் சிங்கத்தை அத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அலறி ஓடினாளா? இல்லை. கண் இமைக்காமல் அதை முறைத்துப் பார்த்தாள். அதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது.