பல் போன பின்னும் வலி போகவில்லையா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்திருக்கும் தமிழர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. பல்லைப் பிடுங்கியதும் தொல்லை தீர்ந்தது. மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்பதே அது. போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே! வலி மீண்டும் கிளம்பினாலும், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர்.

மூன்றாம் நாள் வலி

பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். அடியிலுள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. அந்த மூடி கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு வெளியே தெரியும். வலி உயிரை எடுக்கும். இதை 'டிரை சாக்கெட்' (வறண்ட குழி) என்பார்கள். மருத்துவ ஏட்டில் இப்பெயர் ஏறியது 1896-ல்.

சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். இதுவோ இரண்டாம், மூன்றாம் நாளில் கூடும். காது வரை ஏறும், வாய் நாறும். கீழ்க் கடைவாய்ப் பல், குறிப்பாக ஞானப்பல் எடுத்தவர்களுக்கும், பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இது அதிகம்.

செய்யக் கூடாதவை

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. ஓங்கித் துப்புவதும், குழல் வைத்து உறிஞ்சிக் குடிப்பதும் ஆகாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். பீடி, வெற்றிலை, மது ஆகியவற்றைப் புண் ஆறும் வரை தொடக் கூடாது. வலியை அடக்கக் குழியில் புகையிலைத் துணுக்கை வைப்பது பெருந்தவறு.

வைத்தியம் எளிது

பல் எடுத்த டாக்டரிடமே திரும்பப் போக வேண்டும். அவர் குழியைக் கழுவி, கிராம்புத் தைலச் சத்து சேர்ந்த மருந்தை வைப்பார். பெரும்பாலும் அன்றே வலி தணியும். சிலருக்கு இரண்டு, மூன்று முறை மருந்தை மாற்ற வேண்டி வரும். மேல்சிகிச்சைக்கு, 1959-ல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். "பல்லு பறிச்சிட்டு மூணு திவசமாயி, வேதன கூடி" என்றால் போதும். சர்க்கரை வியாதி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், முகவீக்கம், நிற்காத ரத்தம், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமை ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் போகும் அரை நாள் கூலி, ஒரு வாரக் கூலியைக் காப்பாற்றும்.